மின்கம்பியும் கானமயிலும்

ஒரு வீட்டில் விளக்கு எரிய வேண்டுமெனில் மூன்று பணிகள் நடைபெற வேண்டும். மின்சாரம் உற்பத்தி செய்யப்பட வேண்டும். தொலைதூரத்திற்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். பின்னர் தெருதோறும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். இவற்றுள் இரண்டாவது பணியை இந்திய அளவில் மேற்கொள்ளும் முதன்மையான நிறுவனம் பவர்கிரிட் கழகம் ஆகும். 1989 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பொதுத்துறை நிறுவனத்தின் தலைமையகம் அரியானா மாநிலத்தின் குருகிராமில் உள்ளது.

அனல்மின் நிலையம் புகையை வெளியிடுகிறது. மின்கம்பி புகையை வெளியிடுவதில்லை. ஆயினும், மின்பாதைகளாலும் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு உண்டு. அவை காடுகளையும் வயல்களையும் கடந்து செல்கின்றன. பறவைகளின் வழியில் குறுக்கிடுகின்றன. இப்பாதிப்பைக் கையாள்வதற்கென்றே அந்நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வகுத்தது. தவிர்த்தல், குறைத்தல், சீர்செய்தல் என்னும் மூன்றும் அதன் அடிப்படைகளாகும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

மின்பாதை அமைப்பதற்கு முன்னர், செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் மாற்று வழிகள் ஆராயப்படுகின்றன. காடு, சரணாலயம், நீர்நிலை, குடியிருப்பு ஆகியவற்றை இயன்றவரை விலக்கிச் செல்லும் வழியே விரும்பத்தக்கது. நேர்கோட்டில் சென்றால் கம்பியின் நீளமும் செலவும் குறையும். எனினும், ஒரு காட்டைக் காப்பதற்காகச் சில கிலோமீட்டர் சுற்றிச் செல்வதே தவிர்த்தல் என்பதன் பொருளாகும்.

நிலத்தேவையைக் குறைத்தல்

400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றிற்கு ஏறத்தாழ 46 மீட்டர் அகலமுள்ள நிலம் வேண்டும். அதாவது, ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு 4.6 ஹெக்டேர் பரப்பு தேவைப்படும். 765 கிலோவோல்ட் பாதைக்கு ஏறத்தாழ 64 மீட்டர் அகலம் வேண்டும். ஆனால், 400 கிலோவோல்ட் பாதைகள் பல சேர்ந்து சுமக்கும் மின்திறனை அது ஒன்றே சுமக்கவல்லது. ஆகவே, மின்னழுத்தம் உயர உயர நிலத்தேவை குறைகிறது.

இதனால் மற்றொரு பயனும் உண்டு. ஒரே அளவு மின்திறனை இருமடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வீணாவது குறைந்தால், எரிக்க வேண்டிய நிலக்கரியும் குறையும். சத்தீசுகரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அஃது 6,000 மெகாவாட் மின்திறனைக் கடத்தவல்லது.

துணைமின் நிலையத்தில் கவனம்

மின்மாற்றிகளைக் குளிர்விக்க அவற்றினுள் எண்ணெய் நிரப்பப்படுகிறது. அது கசிந்தால் மண்ணும் நிலத்தடி நீரும் மாசுபடும். அதனால், பெரிய மின்மாற்றிகளின் அடியில் சல்லிக்கற்கள் பரப்பிய குழி அமைத்து, கசியும் எண்ணெயைச் சேகரிக்கின்றனர். சில கருவிகளில் மின்பொறியைத் தணிக்கச் சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் வாயு பயன்படுகிறது. நூறாண்டுக் காலக் கணக்கில், இது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 23,500 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் இயல்புடையது. எனவே, இவ்வாயு காற்றில் கலவாதபடி கருவிகளை இறுக மூடுவதும், பழுதுபார்க்கும்போது வாயுவை மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்துவதும் இன்றியமையாதன.

கானமயிலின் இடர்

அனைத்துப் பாதிப்புகளையும் எளிதில் சீர்செய்ய இயலாது. வெட்டப்பட்ட மரங்களுக்கு ஈடாக வேறோர் இடத்தில் காடு வளர்க்கலாம். அழிந்த பறவையினத்திற்கு ஈடு எதுவுமில்லை. ஒரு காலத்தில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் வாழ்ந்த கானமயில், இன்று பெரும்பாலும் இராசத்தானின் தார்ப் பாலைவனத்தில் மட்டுமே காணப்படுகிறது. எஞ்சியவை ஏறத்தாழ 150 மட்டுமே என மதிப்பிடப்படுகிறது. இப்பறவை பொதுவாக ஒரு பருவத்தில் ஒரு முட்டையே இடும். இதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்துள்ளமையால் நேர் எதிரே உள்ள கம்பி எளிதில் புலப்படாது. உடல் எடை மிகுதியாதலால் உடனே விலகிப் பறக்கவும் இயலாது.

அதே பாலைவனத்தில்தான் கதிரவனின் ஒளி மிகுதியாகக் கிடைக்கிறது. அங்குப் பெரிய சூரியமின் நிலையங்கள் அமைந்துள்ளன; அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பிகள் வேண்டும். 2021 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் இயலும் இடங்களில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்கவும், மேலே செல்லும் கம்பிகளில் பறவைகளை எச்சரிக்கும் தகடுகளைப் பொருத்தவும் ஆணையிட்டது. உயர் மின்னழுத்தக் கம்பிகளை நெடுந்தொலைவு புதைப்பது கடினம். மேலே செல்லும் கம்பிக்குக் காற்றே காப்புறையாகிறது. புதைத்த கம்பிக்குத் தனிக் காப்புறை வேண்டும். அதன் வெப்பம் மண்ணில் எளிதில் வெளியேறாது. பழுது நேர்ந்தால் இடத்தைக் கண்டறியக் காலம் பிடிக்கும். இவற்றைக் கருதிய நீதிமன்றம், 2024 ஆம் ஆண்டில் தன் ஆணையை மாற்றியமைத்து, எங்கெங்குப் புதைக்கலாம் என ஆராய வல்லுநர் குழுவை நியமித்தது.

புகையற்ற மின்சாரம் நாட்டிற்குத் தேவை; கானமயிலும் இந்நிலத்தின் உரிமையாளரே. இவ்விரண்டையும் காக்கும் வழியைக் காண்பதே மின்பாதைப் பொறியாளர்களின் முன்னுள்ள பெரும்பணியாகும்.

சிந்தித்து விடையளிக்க

1. மின்னழுத்தத்தை உயர்த்துவதால் விளையும் இரு நன்மைகள் யாவை?
2. கானமயில் மின்கம்பியில் மோதுவதற்குரிய காரணங்களை எழுதுக.
3. ‘காட்டிற்கு ஈடு உண்டு, பறவையினத்திற்கு ஈடு இல்லை’ – இக்கருத்தை ஏற்கிறாயா? காரணம் தருக.