உலகமயமும் தொழிற்சாலை நிர்வாகமும்

அயல்நாட்டு மூலதனமும் சரக்குகளும் தடையின்றி வந்து போவதே உலகமயம் என்று பலர் கருதுகின்றனர். அவற்றோடு வேலைமுறையும் நிர்வாக முறையும் நாடு விட்டு நாடு செல்கின்றன. மாருதி நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1981-ல் மத்திய அரசின் நிறுவனமாக மாருதி உத்யோக் தொடங்கப்பட்டது. 1982-ல் ஜப்பானின் சுசூகி நிறுவனம் 26 சதவிகிதப் பங்கு பெற ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 டிசம்பரில் அரியானாவின் குர்காவ்ன் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது.

சுசூகி இயந்திரங்களை மட்டும் கொண்டுவரவில்லை. அதிகாரிக்குத் தனி அறையும் தனி உணவுக்கூடமும் வழக்கமாயிருந்த காலத்தில், மாருதியில் மேலாளரும் தொழிலாளரும் ஒரே சீருடை அணிந்தனர். ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். வேலையிலுள்ள குறையை அதைச் செய்பவரே முதலில் அறிவார் என்பதால், சீர்திருத்த யோசனைகள் தொழிலாளரிடமிருந்தே கேட்கப்பட்டன.

உதிரிப் பாகங்களைக் குவித்து வைக்காமல் தேவைப்படும் நேரத்தில் தருவித்துக்கொள்வது இம்முறையின் மற்றோர் அம்சமாகும். இதனால் முடங்கிக் கிடக்கும் முதல் குறைகிறது. ஆயினும் ஓரிடத்தில் தாமதம் நேர்ந்தால் உற்பத்தி வரிசை முழுவதும் நின்றுவிடும். ஆகவே தொழிலாளர்மீது நேரக் கட்டுப்பாடு இறுகுகிறது. விற்பனை ஏறி இறங்குவதற்கேற்ப ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தும் வழக்கமும் வாகனத் தொழிலில் வளர்ந்தது.

முரண்பாடு இங்குதான் எழுகிறது. சீருடை ஒன்றாயினும் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் ஒன்றல்ல. நாளை வேலை இருக்குமா என்று அறியாதவரிடம் ஆலையின் மேம்பாட்டுக்கு யோசனை கேட்பதில் பயனில்லை. 2011-ல் மானேசர் ஆலைத் தொழிலாளர் புதிய சங்கத்திற்கு அங்கீகாரம் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 2012 ஜூலை 18 அன்று அங்கு நிகழ்ந்த வன்முறையில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஆலை ஏறத்தாழ ஒரு மாதம் மூடப்பட்டது. வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. எனினும் தொழிலாளரின் குறைகளை உரிய காலத்தில் கேட்டறியும் வழிகள் எத்துணை இன்றியமையாதவை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. அதன்பின் ஆளெடுக்கும் முறையை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது.

2007-லேயே அரசு தன் எஞ்சிய பங்குகளை விற்றுவிட்டது. உரிமையாளர் என்ற நிலை நீங்கினாலும் தொழிலாளர் நலனைக் கண்காணிக்கும் கடமை அரசிடமே உள்ளது. அயல்நாட்டு நிர்வாக முறையை வரவேற்கும்போது, அதன் உற்பத்தித் திறனோடு அது வேண்டி நிற்கும் பணிப் பாதுகாப்பையும் பேச்சுவார்த்தை மரபையும் சேர்த்தே ஏற்பது நலம்.