டிதர்: உதறலின் பயன்

ஆங்கிலத்தில் தயக்கத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றிய இத்தொடரில் சென்ற வாரம் 'ஹெசிடேட்' முடிந்தது; 'ஒட்டிக்கொள்ளுதல், சிக்கி நிற்றல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்டவை 'வேவர்', 'வாசிலேட்', 'டிதர்' ஆகிய மூன்று சொற்கள். அவற்றுள் கடைசியாக நின்ற சொல் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு மொழியியலைவிடப் பொறியியலே காரணம்.

'டிதர்' வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்து பொது வழக்குக்கு ஏறிய சொல். 'டிடர்' என்னும் பழைய வடிவத்தின் திரிபாகிய இது, 17ஆம் நூற்றாண்டில் நடுங்குதல் என்ற பொருளிலேயே வழங்கியது. முடிவெடுக்க மாட்டாமல் தடுமாறுதல் என்னும் இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. 'கை கால் உதறல் எடுத்தது' என்னும் தமிழ் வழக்கு அதன் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்பது.

பயன்பாட்டில் 'ஹெசிடேட்', 'டிதர்' ஆகிய இரு சொற்களின் தரமும் வேறு. 'ஹெசிடேட்' கண்ணியமான சொல். ஐயம் இருந்தால் தயங்காமல் தொடர்புகொள்ளுமாறு அலுவலகக் கடிதங்கள் முடிவதும் அச்சொல்லைக் கொண்டே. 'டிதர்' பெரும்பாலும் பிறர்மேல் எறியப்படும் சொல்: தான் காலம் தாழ்த்தினால் அது ஆலோசனை, எதிர்த்தரப்பு தாழ்த்தினால் அது 'டிதர்'. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் டிக் சேனி, ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை அனுப்புவது பற்றி முடிவெடுக்காமல் இருந்த ஒபாமா அரசின் மீது இச்சொல்லையே வீசினார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று 30,000 வீரர்களை அனுப்பும் முடிவை ஒபாமா அறிவித்தார்.

இவ்வாறு வசைச்சொல்லாகத் திரியும் ஒன்றைப் பொறியாளர்கள் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டு, இயந்திரங்களுக்கு வேண்டுமென்றே ஊட்டப்படும் சிறு நடுக்கத்துக்கு அப்பெயரை வைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டிய பழைய காற்றழுத்தமானியைப் பார்ப்பவர், முள் காட்டும் எண்ணைக் குறிப்பதற்கு முன் அதன் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுவது வழக்கம்; காற்றழுத்தம் சிறிது மாறியிருந்தும் உள்ளே உள்ள நெம்புகோல்கள் உராய்வினால் பழைய இடத்திலேயே சிக்கி நிற்கக்கூடும் என்பதும், தட்டியவுடன் முள் துள்ளி உரிய இடத்துக்கு வந்துவிடும் என்பதும் அதன் காரணம். நின்றிருக்கும் பொருள் முதன்முதல் நகர்வதைத் தடுக்கும் இந்த உராய்வை நிலை உராய்வு என்பர். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கட்டுப்பாட்டு வால்வுகளும் இதே காரணத்தால் சிக்கிக்கொள்வதுண்டு என்பதால், அவற்றுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் ஓயாத சிறு அதிர்வு ஒன்று கலக்கப்படுகிறது.

இயந்திரக் கணிப்பான்களைப் பற்றியும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பொருத்தப்பட்ட, பற்சக்கரங்களால் ஆன கணிப்பான்கள் தரையில் இருந்ததைவிடப் பறக்கும்போது துல்லியமாக இயங்கின என்றும், விமானத்தின் அதிர்வே சக்கரங்களின் சிக்கலை விடுவித்தது என்றும் ஒலிப்பதிவுத் துறையின் பாடநூல்கள் கூறுகின்றன.

ஒலிப்பதிவுத் துறை அக்கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழு எண்களை மட்டுமே காட்டும் ஒரு கருவியிடம் 0.3 என்னும் அளவைக் கொடுத்தால், அது எத்தனை முறை அளந்தாலும் 0 என்றே சொல்லும். ஒவ்வொரு முறையும் அந்த அளவோடு -0.5 முதல் +0.5 வரையிலான ஏதோ ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால், 100 அளவீடுகளில் ஏறத்தாழ 70 முறை 0 என்றும் 30 முறை 1 என்றும் விடை வரும். அவற்றின் சராசரி 0.3. கருவியால் காட்டவே முடியாத பின்னம், கருவியைக் குழப்பிய பிறகு சராசரியில் வெளிப்பட்டுவிடுகிறது. குறுந்தகட்டில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகப் பதிவாவதால், பியானோவின் ஓர் ஒலி தேய்ந்து மறையும் இறுதிக் கட்டத்தில் மிகச் சில படிநிலைகளே எஞ்சி, ஓசை கரகரத்துச் சிதையும். பதிவின்போது சிறிது இரைச்சலைச் சேர்த்துவிட்டால் அந்தச் சிதைவு மெல்லிய, சீரான 'உஸ்' ஒலியாக மாறி, அதனூடே பியானோ தொடர்ந்து கேட்கும்.

விமானத்தின் திசைமாற்றத்தை உணரும் லேசர் வளையச் சுழல்காட்டியில் 'டிதர்' என்னும் சொல்லின் முழு வாழ்வும் அடங்கியிருக்கிறது. கண்ணாடிக் கட்டி ஒன்றனுள் மூடிய பாதையில் இரண்டு ஒளிக்கற்றைகள் எதிரெதிராகச் சுற்றிவர, கருவி திரும்பும்போது அவற்றின் அதிர்வெண்களுக்கிடையே தோன்றும் வேறுபாட்டைக் கொண்டு சுழற்சி கணிக்கப்படுகிறது. சுழற்சி மிக மெதுவாக இருந்தால், ஆடிகளில் சிதறும் ஒளியால் இரு கற்றைகளும் ஒரே அதிர்வெண்ணில் ஒட்டிக்கொள்ள, விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே கருவி 'திரும்பவில்லை' என்று பொய் சொல்லும். இதற்கு மருந்தாக, கட்டி முழுவதையும் விநாடிக்குச் சில நூறு முறை நுண்ணிய கோணத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஆட்டுகிறார்கள்; ஒட்டிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 விமானங்கள் இத்தகைய சுழல்காட்டிகளோடு பறக்கத் தொடங்கின. 'ஹெசிடேட்' என்ற சொல்லின் வேரில் இருக்கும் ஒட்டுதல் என்னும் நோய்க்கு, 'டிதர்' என்ற சொல்லின் வேரில் இருக்கும் நடுக்கத்தைப் பொறியாளர்கள் மருந்தாக்கினார்கள். தயக்கம் என்று ஒரே பெட்டியில் அடுக்கப்படும் இரு சொற்களும் உண்மையில் ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஆயினும் சேனியின் வசைக்கு இதனால் வலு குறைந்துவிடுவதில்லை. நடுக்கம் சேர்த்த அளவீடுகளுள் ஏதேனும் ஒன்றைத் தனியே எடுத்தால் அது 0 அல்லது 1 என்றே சொல்லும். பலவற்றைத் திரட்டிச் சராசரி கண்ட பிறகுதான் 0.3 கிடைக்கும். சுழல்காட்டியிலும் ஆட்டியதன் பங்கு பின்னர் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. ஆக, நடுக்கம் பயன் தருவது இறுதியில் ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திடுபவர் இருக்கும்போதுதான். ஆட்சியாளர்களின் தாமதம் ஆலோசனையா, 'டிதர்' என்னும் வசைக்குரியதா என்பதைப் பிரித்தறியவும் அதுவே அளவுகோல்.

இருபுறமும் சாய்ந்தாடுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'வாசிலேட்' என்பதற்கும், சுடரின் அசைவுக்கும் குரலின் தழுதழுப்புக்கும் ஒருங்கே வழங்கும் 'வேவர்' என்பதற்கும் இவ்வாரம் இடமில்லாமற் போயிற்று. அவை இரண்டும் அடுத்த வாரம்.