புதுவையா, தரங்கம்பாடியா?

மளிகைக் கடைக்காரருக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. விடியற்காலையில் பால் பாக்கெட் இறங்குவதிலிருந்து இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும் வரை கல்லாவிலேயே பொழுது போகிறது. இப்போதோ செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் பொருள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் கடையைச் சாத்தினால் வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துச் சிறு வியாபாரிகள் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கடையே கதி என்று நாற்பது வருடம் இருந்துவிட்டு, முழங்கால் வலி வந்த பிறகு மனைவியை எங்கே அழைத்துப் போவது? தம்பதியாகப் போய் வரக்கூடிய இரண்டு பழைய கடற்கரை ஊர்களை இங்கே சீர்தூக்கிப் பார்ப்போம். இரண்டும் வியாபாரத்தால் பிழைத்த ஊர்கள்.

புதுவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். திருவான்மியூரில் விடியற்காலை புறப்பட்டால் காலைச் சிற்றுண்டியை அங்கே முடித்துக்கொள்ளலாம். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் காலூன்றிய ஊர் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம், மாலையில் வண்டிகள் இல்லாத கடற்கரைச் சாலை ஆகியவற்றை எல்லோரும் அறிவர்.

வணிகர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது பெரிய மார்க்கெட்டை ஒட்டியுள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. 1709-ல் நம் பெரம்பூரில் பிறந்தவர் அவர். துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்துகொண்டே பாக்கு, துணி வியாபாரம் செய்தார். சொந்தக் கப்பலும் ஓட்டினார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. நாள் தவறாமல் பேரேடு எழுதும் பழக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே நின்றால் புரியும்.

ஊருக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் இறக்குமதி வியாபாரம் நடந்ததற்கு இது சாட்சி. அந்த இடத்தில் பார்க்க அதிகம் இல்லை. கிடைத்த பொருள்களில் சிலவற்றைப் புதுவை அருங்காட்சியகத்தில் காணலாம்.

குறை என்னவென்றால், சனி, ஞாயிறுகளில் கூட்டம் அலைமோதுகிறது. அறை வாடகையும் ஏறிவிடுகிறது.

தரங்கம்பாடி

புதுவையையும் சிதம்பரத்தையும் தாண்டிச் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் மயிலாடுதுறை போய் இறங்கினால், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான்.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். மிளகும் துணியும் வாங்கவே வந்தவர்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு இங்கே அச்சகம் வைத்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். வியாபாரம் படுத்துவிடவே, 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஓடாத கிளையைக் கைமாற்றிவிடுவது அன்றும் உண்டு!

கோட்டை, 1718-ல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் ஆகியவற்றை நடந்தே பார்த்துவிடலாம். கூட்டமில்லை, சத்தமில்லை. ஆனால் தங்கும் இடங்களும் உணவு விடுதிகளும் குறைவு. முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

எது யாருக்கு?

ஒரு நாள் மட்டுமே கடையை மூட முடியும் என்பவர்களுக்குப் புதுவை. பிள்ளைகளுக்கும் பொழுது போகும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, அதிலும் அறுபதை எட்டியவர்களுக்கு, நாம் தரங்கம்பாடியையே சொல்வோம். சில கிலோமீட்டரில் திருக்கடையூர் இருக்கிறது. அபிராமி சன்னதியில் மணிவிழாவை முடித்துக்கொண்டு, அன்று மாலை இருவரும் கோட்டையடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். கல்யாணமான நாளிலிருந்து கல்லாவுக்குப் பின்னாலேயே நின்ற அம்மையாருக்கு அந்த ஒரு மாலை பெரிய சன்மானம்.

எப்போது, எப்படி?

மாதத்தின் முதல் பத்து நாள் மாதச் சாமான் போகும் காலம், அப்போது நகரக்கூடாது. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கலும் முடிந்த பிறகு புறப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தீபாவளிச் சரக்கும் இருக்கும். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை பிற்பகுதியும் மாசியும் ஏற்றவை.

ஒரே தெருவில் உள்ள இரண்டு கடைக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் ஒருவர் போனால், அவருடைய வாடிக்கையாளருக்கு மற்றவர் பாலும் அவசரச் சாமானும் கொடுக்கட்டும். அடுத்த மாதம் அவர் போகட்டும். மூன்று நாள் முன்பே கடை வாசலில் அறிவிப்புப் பலகை வையுங்கள். நிரந்தர வாடிக்கையாளருக்குப் போன் செய்து தேவையானதை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கடைப் பையன்களுக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

பக்கத்துக் கடைக்காரரைப் போட்டியாளராகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்த ஒரு காரியத்திலாவது கைகோத்தால் இரண்டு குடும்பங்கள் கடலைப் பார்க்கும். வாடிக்கையும் தெருவை விட்டு வெளியே போகாது.