‘4 பேர் டென்ட்’டில் எத்தனை பேர் தூங்கலாம்?

டென்ட் பெட்டியின் மேல் ‘4 பேர்’ என்று போட்டிருப்பதை நம்பி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுகிறோம். முதல் இரவிலேயே விஷயம் தெரிந்துவிடும். நான்கு பேர் படுக்கலாம், உண்மைதான். ஆனால் தோளோடு தோள் ஒட்டி, மல்லாந்தபடி, ஒரு பையைக்கூட உள்ளே கொண்டுவராமல் படுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் ஓர் ஆளுக்கு ஒதுக்குவது ஏறக்குறைய 60 செ.மீ. அகலம். முதுகில் சுமை தூக்கி மலையேறுகிறவர்கள் விரிக்கும் ஒடுக்கமான மெத்தையை வைத்துப் போட்ட கணக்கு அது. அதனால்தான் நால்வர் டென்ட் பலவற்றின் படுக்கும் இடம் 240 செ.மீ. அகலம், 210 செ.மீ. நீளம் என்ற அளவிலேயே நிற்கிறது.

காரில் போய் இறங்கும் குடும்பம் அந்த ஒடுக்கமான மெத்தையை விரிப்பதில்லை. ஏர் பெட்டைத்தான் விரிக்கிறது. இரண்டு பேர் படுக்கும் ஏர் பெட்டின் அகலம் சுமார் 137 செ.மீ. இரண்டு பெட் போட்டால் 274. இடமோ 240தான். ஒன்றை மட்டும் போட்டால் பக்கத்தில் மிஞ்சுவது மூன்றரை அடிக்கும் குறைவு. அதில் இரண்டு பிள்ளைகள், ஸ்வெட்டர் பை, தண்ணீர் பாட்டில், டார்ச், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம் எல்லாம் அடங்க வேண்டும். பிள்ளைகள் படுத்த இடத்தில் விடிவதும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை இரவெல்லாம் கடிகார முள்போலச் சுற்றி, காலையில் அப்பாவின் கழுத்தில் கால் போட்டுக் கிடக்கும்.

வெளிநாடுகளில் குடும்பத்தோடு கேம்பிங் போய்ப் பழகியவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: தலைகளை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டு. நால்வர் குடும்பத்துக்கு ஆறு பேர் டென்ட். அது சுமார் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். நால்வர் டென்டில் கிடைப்பது 5 சதுர மீட்டரைச் சுற்றித்தான். பெட்டியில் இரண்டு பேர் கூடினால் தரை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. பணம் கட்டும் முன் மொட்டை மாடியில் சாக்பீஸால் இந்த இரண்டு கட்டங்களையும் வரைந்து, வீட்டில் இருக்கும் பாய்களை விரித்து, எல்லோரும் ஒருமுறை படுத்துப் பாருங்கள். கடைக்காரரின் விளக்கத்தைவிட இது தெளிவாகப் புரியும்.

தூங்குவதற்கு மட்டும் என்றால் நெருக்கத்தைச் சகித்துக்கொள்ளலாம். சோதனை வருவது மழையில்தான். ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். பரமபதம் விரிக்க இடம் வேண்டும், அதைக் கலைத்துவிட்டுச் சண்டை போடவும் இடம் வேண்டும். சேறு அப்பிய செருப்பும் நனைந்த ஜெர்கினும் படுக்கையருகே வரக்கூடாது. ஆகவே வாசலுக்கு முன் கூரை நீண்ட ஒரு சிறு திண்ணை இருக்கிற டென்டாகத் தேடுங்கள். ஒரே அளவில் இரண்டு டென்ட் இருந்து, ஒன்றில் இந்தத் திண்ணையும் மற்றதில் கொஞ்சம் கூடுதல் படுக்கை இடமும் இருந்தால், திண்ணை உள்ளதையே நான் எடுப்பேன்.

உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குனிந்தபடியே ஒரு குழந்தைக்குப் பேன்ட் மாட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நடுவில் 180 முதல் 190 செ.மீ. உயரம் இருந்தால் பெரியவர்கள் நிமிர்ந்து நிற்கலாம். குவிந்த வடிவ டோம் டென்டில் இந்த உயரம் நடுவில் மட்டுமே கிடைக்கும். சுவர்கள் உள்நோக்கிச் சாய்வதால் ஓரத்து ஒன்றரை அடி பை வைக்கத்தான் ஆகும். சுவர்கள் நெட்டாக நிற்கும் கேபின் வகையில் மூலைவரை புழங்கலாம், ஆனால் காற்று அந்தச் சுவரில் நேராக மோதும். கொடைக்கானல் போன்ற இடங்களின் திறந்த மேட்டில் அதை நிறுத்துவது வம்பு.

அப்படியானால் கையில் பணம் இருக்கிறவரை பெரிதாக வாங்கிவிடலாமா? இங்கேதான் ஐரோப்பியக் கேம்பிங் தளமும் நம் மலையும் வேறுபடுகின்றன. அங்கே புல்தரையைச் சமமாகக் கத்தரித்து, ஆளுக்கொரு மனை அளந்து விட்டிருப்பார்கள். இரண்டு படுக்கையறையும் நடுவில் கூடமும் கொண்ட ஐந்தாறு மீட்டர் நீள டனல் டென்ட் அந்தப் புல்தரைக்காகப் பிறந்தது. நம்மூரில் டென்ட் அடிக்க இடம் தருவது பெரும்பாலும் காபித் தோட்டமோ பழத்தோட்டமோ. சரிவில் வெட்டிய படிக்கட்டு நிலம் அது. ஒரு படியின் அகலம் அதிகம் இருக்காது. டென்டின் அளவோடு இழுத்துக் கட்டும் கயிறுகளுக்காக நாற்புறமும் ஒரு மீட்டர் தேவைப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டனல் வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரு முனைகளிலும் முளை அடித்து இழுத்தால்தான் அது எழுந்து நிற்கும். பாறையிலும் இறுகிய செம்மண்ணிலும் முளை இறங்காது. பெட்டியோடு வரும் மெல்லிய கம்பி முளை வளைந்துபோகும். டோம் தன் கம்பிகளின் பலத்திலேயே நிற்கும். நிறுத்தியபின் தூக்கி நகர்த்தி வைக்கலாம், அடியில் கல் உறுத்தினால் மறுபடி நகர்த்தலாம். முளை இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டிவிட்டால் போதும். கம்பிக்குப் பதில் காற்றடித்து நிறுத்தும் வகையும் இருக்கிறது. வசதிதான், ஆனால் எடையும் விலையும் எகிறும். நால்வர் குடும்பத்துக்கு, நம் மலைகளுக்கு, திண்ணை வைத்த ஆறு பேர் டோம்தான் என் தேர்வு. எட்டு பேர், பத்து பேர் டென்ட் எல்லாம் சமவெளித் தோப்பில் அடிக்கிறவர்களுக்கு.

தரையைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பெரிய டென்ட் சிலவற்றில் படுக்கையறைக்குத் தரை தைத்திருப்பார்கள், கூடத்துக்கு இருக்காது. வெறும் மண்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் அப்படிப்பட்ட கூடத்தில் குழந்தையை உட்காரவைத்தால் அட்டைப்பூச்சிக்கு விருந்து வைத்த கதை. தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஓரங்களில் நான்கைந்து அங்குலம் மேலேறி இருக்க வேண்டும். ஓடிவரும் தண்ணீரும் ஊர்ந்துவரும் பூச்சியும் அதோடு நின்றுவிடும். வாசலில் கொசுவலை தனி ஜிப்போடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிப்பைக் குழந்தை தானே திறந்து மூட முடிந்தால் இரவில் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி மழைத்தடுப்பு. விவரச் சீட்டில் 1,500 மி.மீ., 2,000 மி.மீ. என்று ஓர் எண் இருக்கும். துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்று அர்த்தம். மேல்துணிக்கு 2,000, முழங்காலும் முழங்கையும் அழுத்தும் தரைக்கு 3,000க்கு மேல் இருப்பது நல்லது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் பெரும்பாலும் தையல் ஓட்டை வழியாகத்தான் இறங்கும். உட்பக்கம் தையலின் மேல் ஒளிபுகும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். மேலுறை தொப்பிபோல உச்சியில் மட்டும் உட்கார்ந்திருந்தால் சாரல் வலை வழியே நேராக உள்ளே அடிக்கும். அது தரைவரை இறங்கியிருக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றைத் துணி டென்ட் மாடியில் பிள்ளைகள் விளையாடப் போதும். ஐப்பசி மழைக்குத் தாங்காது.

இரட்டைத் துணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. தூங்கும்போது ஒவ்வொருவரும் மூச்சிலும் தோலிலும் கால் லிட்டர் அளவுக்கு ஈரம் விடுகிறோம். நான்கு பேர் என்றால் விடிவதற்குள் ஒரு லிட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். குளிர்ந்த துணியில் அந்த ஈரம் நீராகப் படிந்து சொட்டும். பலர் இதைத்தான் ‘டென்ட் ஒழுகுது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். உள்ளே வலைத்துணி, வெளியே மேலுறை, இடையில் காற்று என்றிருந்தால் ஈரம் வெளித்துணியோடு வழிந்துவிடும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. குளிருக்குச் செய்ய வேண்டியது வேறு. வெறும் ஏர் பெட் அடியிலிருந்து சில்லிடும்; அதன்மேல் தடித்த போர்வையையோ ஃபோம் விரிப்பையோ போட்டுப் படுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டிருக்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் பார்பெக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஓர் அறையிலேயே அப்படி என்றால், ஜிப் போட்ட டென்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு நல்ல டென்டும் தவறான இடத்தில் நின்றால் பயனில்லை. நம்மூர்க் காப்புக்காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். தனியார் இடம் என்றாலும் காட்டு ஓரமா, யானைப் பாதையா என்று விசாரியுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மாவட்டம் மேப்பாடியில் தனியார் விடுதி ஒன்றில் டென்டில் தங்கியிருந்த பெண்ணைக் காட்டு யானை தாக்கிக் கொன்றது. யானைக்கு முன்னால் துணிச்சுவர் ஒரு தடுப்பே இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் முறை போகிறவர்கள் வாங்கவே வேண்டாம். பெரிய ஊர்களில் டென்ட் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுத்துப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்காமலும் போகலாம், அதில் தப்பொன்றும் இல்லை. வாங்கினால், திரும்பி வந்ததும் கொடியில் விரித்து நன்றாகக் காயவிட்ட பிறகே மடியுங்கள். ஈரத்தோடு பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், உட்பூச்சு பிசுபிசுத்து உரியும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் கெடும். புறஊதாக் கதிர் துணியின் இழையை நைத்துவிடும், ஆகவே காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும்.

டென்டை முடிவு செய்வதற்கு முன், தங்கப்போகும் இடத்தின் உரிமையாளருக்கு ஒரு போன் போடுங்கள். சமமான தரை எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேளுங்கள், கார் எதுவரை வரும், கழிப்பறை எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். காரிலிருந்து நூறு மீட்டர் ஏற வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து கிலோ டென்டைச் சுமப்பது நீங்கள்தான். இன்னொரு கையில் தூங்கிப்போன சின்னக் குழந்தையும் இருக்கும்.