தனுஷ்கோடிக்கு ஒரு பயணம்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறையில் தம் முன்னோர் வாழ்ந்த ஊருக்குச் செல்கின்றன. அவ்வூர் பாம்பன் தீவிலுள்ள தனுஷ்கோடியாக இருப்பின், பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம்?

மூன்று நாள்கள் இருந்தால் விரைய வேண்டியதில்லை. முதல் நாள், கடல்மேல் அமைந்த பாம்பன் பாலத்தைக் கடந்து தீவை அடையலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் அருகே 2025இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும். இரண்டாம் நாள், இராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிரகாரங்களையும் அப்துல் கலாம் பிறந்த இல்லத்தையும் காணலாம்.

மூன்றாம் நாள் முழுவதையும் தனுஷ்கோடிக்கு ஒதுக்குதல் நன்று. அங்கு நிழல் குறைவு. ஆதலால் குடிநீருடன் காலையிலேயே புறப்பட வேண்டும். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலில் இவ்வூர் அழிந்தது. இடிந்த தேவாலயமும் இரயில் நிலையத்தின் சுவர்களும் இன்றும் நிற்கின்றன. ஆனால், எந்த வீடு எவருடையது என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் பெரியவர்களே.

ஆகவே, புறப்படும் முன்பே தாத்தா பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு தேவாலயத்திற்கு எத்திசையில் இருந்தது? அண்டை வீட்டார் யாவர்? புயலுக்குப் பின் உறவினர் எங்குக் குடியேறினர்? இயலுமாயின் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். புயலின்போது பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவர் நினைவில் மட்டுமே அவ்வூரின் தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

பயிற்சி: உம் முன்னோரின் ஊரைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் கேட்க விரும்பும் மூன்று வினாக்களை எழுதுக.