கோபுரத்துக்கு ஒரு சேதி

1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் ஆரம்பமாயிற்று. அது எல்லோருக்கும் ஒரே குரலில் பேசிற்று. கேட்கிறவர் உறையூரில் இருக்கிறாரா, லால்குடியில் இருக்கிறாரா என்று அது விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்று நம் வீட்டு மாடிகளுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் செல்போன் கோபுரத்தின் தொழில் அப்படிப்பட்டதன்று. அது ஒரே சமயத்தில் பலரோடு தனித்தனியே பேச வேண்டும். அதற்கு ஒவ்வொருவருடைய நிலைமையும் கோபுரத்துக்குத் தெரிய வேண்டும். அதை எவ்வளவு சுருக்கமாகத் தெரிவிக்கலாம் என்பதே விஞ்ஞானிகளைப் பல வருஷங்களாக ஆட்டி வைக்கும் கேள்வி.

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தை நினைத்துப் பார்ப்போம். பெருங்கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன். கூட்டத்தில் பிரிந்துபோன பாட்டியைத் தேடுகிறவர் ஒருவர். ஊரில் உள்ளவருக்குப் படம் அனுப்புகிறவர் ஒருவர். கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை நேராக மட்டும் வருவதில்லை. 1987-ல் பூர்த்தியான 236 அடி ராஜகோபுரத்தில் ஒரு பங்கு மோதித் திரும்புகிறது. மதில்களிலும் வீட்டுச் சுவர்களிலும் பட்டு வேறு பங்குகள் வருகின்றன. ஒன்றின் முகடும் மற்றொன்றின் முகடும் சேர்ந்தால் அலை வலுக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அழிந்துபோகும். இந்தப் பல வழி வரவை நெடுங்காலம் உபத்திரவம் என்றே கருதினார்கள்.

அதை உபகாரமாக மாற்றியவர்களில் முன்னணியில் நிற்பவர் ஒரு தமிழர். பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் சேவை செய்தவர். நீருக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தைப் பல செவிகள் கொண்டு கேட்டறியும் ‘அப்ஸோ’ என்னும் சாதனத்தைக் கொச்சியில் தலைமை தாங்கி உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால் ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம் என்று கண்டார். தாமஸ் கைலாத்தும் அவரும் 1992-ல் விண்ணப்பித்த உரிமைப் பத்திரம் 1994-ல் கிடைத்தது. 2014-ல் மார்க்கோனி பரிசு அவரை வந்தடைந்தது.

ஆனால் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. கோபுரம் தன் அலைகளைத் தக்கபடி முன்பின்னாக அனுப்பி, அவை நம் செல்போன் இருக்கும் இடத்தில் ஒன்றுகூடும்படி செய்ய வேண்டும். வழிகளின் நிலைமை தெரியாமல் இது நடவாது. கோபுரம் ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் ஓர் அடையாள அலையை அனுப்ப, செல்போன் அதை அளந்து பதில் சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். கோபுரத்தில் 64 ஆன்டெனா, செல்போனில் 4 என்றால் 256 வழிகள். ஒவ்வொன்றுக்கும் வலிவு, தாமதம் என்று இரண்டு அளவுகள். அளவுக்கு எட்டு ‘பிட்’ வைத்தால் 4,096 பிட். 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் எட்டரை சென்டிமீட்டர்தான். அதில் பாதி தூரம் நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் விஷயத்தில் இருபது தடவைக்கு மேல் புதுச் சேதி வேண்டும். ஒரு குறுகிய அலைப்பட்டைக்கே வினாடிக்கு 80,000 பிட்டைத் தாண்டிவிடுகிறது. நெல் கொண்டுபோகும் வண்டி நிறைய நெல்லின் கணக்குப் புத்தகமே ஏறினால் நெல்லை எங்கே ஏற்றுவது?

இதற்குக் கண்ட முதல் யுக்தி நம் பெரியோர்களுக்குப் பழக்கமானது. 2013 ஜூலையில் நின்றுபோன தந்தியில் வாழ்த்துக்களுக்கு எண்கள் இருந்தன. கல்யாண வீட்டுக்கு வாழ்த்து அனுப்ப எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். அங்குள்ள தந்தி ஆபீஸார் முழு வாசகத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். அதுபோலவே செல்போனிலும் கோபுரத்திலும் ஒரே புத்தகத்தை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். 4ஜி முறையில் நான்கு ஆன்டெனாவுக்கு ஏற்பட்ட முதற்புத்தகத்தில் 16 வாசகங்கள். பொருத்தமானதன் எண்ணைச் சொல்ல 4 பிட் போதும். ஆயினும், பதினாறில் அடங்காத நிலைமைக்கு ஏறக்குறையப் பொருந்துவதைத்தான் சொல்ல முடியும். புத்தகத்தைப் பெருக்கினால் எண்ணும் நீளும்.

இரண்டாவது யுக்தி, ஆன்டெனாக்களை விட்டுத் திசைகளை எண்ணுவது. வழிகள் 256 ஆனாலும் அலை வலுவாக வருவது நாலைந்து திசைகளிலிருந்துதான். ராஜகோபுரம் இடம் பெயர்வதில்லை. ஆகவே திசைகளும் சட்டென்று மாறுவதில்லை. அத்திசைகளையும் அவற்றின் வலிவையும் சொன்னால் போதும். 5ஜியின் நுட்பமான புத்தகம் இப்படித்தான் அமைந்திருக்கிறது.

மூன்றாவது, சொல்லாமலே தெரிவிப்பது. போகவும் வரவும் ஒரே அலைவரிசையானால் வழியும் ஒன்றே. செல்போன் ஓர் அடையாள அலையை எழுப்பினால் கோபுரம் தானே அளந்துகொள்ளும். ஆன்டெனாக்கள் எத்தனை பெருகினாலும் செல்போனின் வேலை பெருகாது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துத் தாமஸ் மார்செட்டா 2010-ல் இதைக் கொண்டே மிகப் பல ஆன்டெனாக்களை நாட்டலாம் என்று காட்டினார். நம் தேசத்து 3,300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அலைவரிசை இவ்விதம் முறை வைத்துப் பேசுவதே. ஆனால் தூரத்திலுள்ள செல்போனின் சன்னக் குரல் கோபுரத்துக்கு எட்டுவது கஷ்டம். மேலும் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் போக்கும் வரவும் வெவ்வேறு வரிசை. அங்கே சேதி சொல்லியே ஆக வேண்டும். அதைச் சுருக்கவும் விரிக்கவும் இயந்திரங்களுக்கே கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சி இப்போது மும்முரமாக நடக்கிறது.

இது பொறியியலாரின் வீண் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். 2022-ல் நம் சர்க்கார் நடத்திய அலைவரிசை ஏலத்தின் தொகை 1,50,173 கோடி ரூபாய். அலைவரிசை ஜனங்களின் சொத்து. நிலைமை சொல்லுவதிலேயே செலவாகும் ஒவ்வொரு பங்கும் அந்தச் சொத்தின் விரயம். மேலும், எண் புத்தகத்தை வகுப்பவர் யாரோ அவருக்கே உரிமைப் பணம் போய்ச் சேருகிறது. 5ஜி விதிகளை வகுக்கும் சர்வதேச சபையில் இப்போது இந்தியச் சங்கம் ஒன்றும் அங்கத்தினராக இருக்கிறது. துவாக்குடியில் 1964-ல் தோன்றிய எஞ்சினீயரிங் கல்லூரி, இன்று தேசிய தொழில்நுட்பக் கழகமாக நம் ஊர் அருகிலேயே இருக்கிறது. பால்ராஜ் தம் கருத்துக்கு உரிமைப் பத்திரம் வாங்கியது அயல்நாட்டில். அடுத்த புத்தகத்தின் சில பக்கங்களையாவது காவேரிக் கரைப் பிள்ளைகளும் பெண்களும் இங்கிருந்தபடியே எழுத வேண்டும். அதற்குரிய கணக்கைத் தாய்மொழியில் விளங்கச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர், ஆசிரியர் ஆகிய நம் பொறுப்பு.