டிஸ்க் இல்லாவிட்டால் என்ன?

மிக்ஸியின் வாரண்டி அட்டையை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாவது காப்பாற்றிவிடுகிறோம். கம்ப்யூட்டருக்கு உரிய விண்டோஸ் டிஸ்க்கை எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? பல லாப்டாப்களோடு அது வருவதே இல்லை. 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தபின், எங்கள் ஆழ்வார்திருநகரியிலும் தெருவுக்குத் தெரு லாப்டாப்தான். அது மக்கர் பண்ணினால் கடையில், "ஒரிஜினல் டிஸ்க் இருக்காக்கா? இல்லைன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் போடணும்" என்று கையை விரிக்கிறார்கள்.

எங்கள் லாப்டாப்பில் இருந்தது, காலமாகிவிட்ட என் மாமியாரின் கடைசிப் படங்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் என்று அவர் சொல்லச் சொல்லப் பதிந்த குரலும் அதில்தான். அழிக்க மனசு வருமா? மெஷின் திறந்தது, மெனுதான் திறக்கவில்லை. என் மகள், "யம்மா, பொறு. விண்டோஸ் தன்னையே சரிபண்ணிக்க உள்ளயே வழி இருக்கு" என்றாள்.

முதலில் படங்களையும் குரலையும் பென் டிரைவில் எடுத்தோம். அதற்குமுன் எதையும் தொடாதீர்கள், சகோதரிகளே!

விண்டோஸ் என்பது ஆயிரக்கணக்கான கோப்புகளின் கூட்டு. நாலு கெட்டால் மொத்தத்தையும் கொட்டுவானேன்? வண்டு விழுந்த பருப்பைப் பொறுக்குவதுபோல் கெட்டதை மட்டும் மாற்றலாம். தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சி.எம்.டி.' என்று அடித்தால் 'கமாண்ட் பிராம்ப்ட்' வரும். ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். அந்தக் கறுப்பு ஜன்னலில் 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த்' என்று, இதையும் ஆங்கிலத்திலேயே அடித்து என்டர் தட்டுங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் ஓர் இடம் விட வேண்டும், பின்னால் கூடாது. விண்டோஸ் 8 முதல் இந்த வசதி உண்டு. நல்ல கோப்புகளின் சேமிப்பு ஒன்று மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அதுவே கெட்டிருந்தால் இண்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்டிலிருந்து வாங்கிச் சரிசெய்துகொள்கிறது. பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. இது கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானதை அந்தச் சேமிப்பிலிருந்து மாற்றும்.

பாதியில் நின்ற மாதிரி தெரியும், நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர் கரண்ட்டை நம்பாமல் பாட்டரியை முழுக்க ஏற்றிக்கொள்வது நல்லது. பொறுமை எங்கள் ஊருக்குப் புதிதா? பிரபந்தம் மறைந்து மூலமே கிடைக்காத காலத்தில், நாதமுனிகள் இங்கே வந்து 'கண்ணிநுண்சிறுத்தாம்பை' 12,000 தடவை ஓதி நாலாயிரத்தையும் மீட்டார் என்றல்லவா சொல்வார்கள்! எங்களுக்கு முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. மறுபடி ஆன் செய்ததும் மெனு திறந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். சரிசெய்யப் போனால் டிஸ்க்கைக் கேட்கும். இப்போது கூடுதல் தமிழ் எழுத்துருக்களை செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் இண்டர்நெட் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படங்கள் இருக்கும், நாம் தனியாகப் போட்ட புரோகிராம்கள் போய்விடும். 'கிளவுட் டவுன்லோட்' கொடுத்தால் 4 ஜி.பி.க்கு மேல் டேட்டா தின்னும். செல்போன் பேக்கை நம்பி இறங்காதீர்கள்.

"சும்மாவே போட்டுத் தாரேன்" என்று திருட்டு விண்டோஸ் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு என்ன வைரஸ் வரும் என்று யார் கண்டது? பாங்க் கணக்குப் பார்க்கிற மெஷின் அல்லவா! அந்த மெஷினில் முறையாக இருந்த விண்டோஸ் 10 என்றால், அதையே திரும்பப் போட மறுபடி காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டியதும் இல்லை.